முப்பத்துமூன்றில் சுழன்ற தட்டு

வால்வு சூடாகிற வரைக்கும் பொறுமையாக உட்கார்ந்து வானொலி கேட்ட தலைமுறை நாம். அதனால் இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். கழக்கூட்டத்தில் என் மகனின் அடுக்குமாடி வீட்டில் ஒரு பாட்டின் பெயரைச் சும்மா வாயால் சொன்னால் போதும், மேஜைமேல் இருக்கும் உருண்டை பாடுகிறது. அவனிடம் போன வாரம் இந்தக் கதையைச் சொன்னேன். "அஞ்சு நிமிஷம் ஒண்ணும் போடாம இருந்திருக்கலாமே அம்மா" என்றான். ஒன்றும் போடாமல் இருப்பதாம்! தேசத்துக்கே துக்கம் வந்த நாளில் வானொலி வாயை மூடிக்கொண்டால் ஊர் என்னவெல்லாம் நினைத்துக்கொள்ளும் என்று அவனுக்கு எங்கே தெரியப்போகிறது. உங்களுக்குத் தெரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கலாம். திருவனந்தபுரம் கோட்டைக்குப் பக்கத்தில், தமிழ்க் குடும்பங்கள் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த ஒரு தெருவில் எங்கள் வீடு. தெருவின் ஒரு கோடிக்குப் போனால் சாலைக் கடைத்தெருவின் வற்றல்மிளகாய் நெடி மூக்கில் ஏறும். மழைக்காலத்தில் அந்த நெடியோடு நனைந்த சாக்கு வாசனையும் சேர்ந்துகொள்ளும். நான் சொல்லப்போவது அப்படி ஒரு மழைக்காலத்தைப் பற்றித்தான்.

வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. என் அப்பாவே அவர் முன்னால் உட்காரமாட்டார் என்றால் மற்றவர்கள் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். முன்னறையில் அவருடைய கண்ணாடி அலமாரி. அதற்குள் காகித உறை போட்ட கச்சேரி இசைத்தட்டுகள், வரிசையாக, செங்குத்தாக. பக்கத்தில் ஒரு ரெக்கார்டு பிளேயர். அலமாரியை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. தூசி தட்டுவதுகூட அவரேதான்.

சங்கீதத்தில் பெரியப்பாவின் காதுக்கு ஊரில் பெரிய மரியாதை. வானொலி நிலையத்தில் பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆடிஷனுக்கு அவரைத்தான் அழைப்பார்கள். அது எப்படி நடக்கும் தெரியுமோ? பாடுகிறவர் ஓர் அறையில், மார்க் போடுகிறவர்கள் வேறோர் அறையில். நடுவில் சுவர். பெயர் கிடையாது, ஊர் கிடையாது, ஒரு நம்பரும் ஒலிபெருக்கியில் வரும் குரலும் மட்டும்தான். ஒரு தடவை சுவருக்கு அந்தப் பக்கம் பாடியது பெரியப்பாவின் சொந்த மைத்துனர். முதல் வரியிலேயே குரல் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஃபெயில் போட்டார். மைத்துனர் அதன் பிறகு எங்கள் வாசல்படி மிதித்ததில்லை. மார்க் விஷயத்தில் பெரியப்பா பொய் சொல்லமாட்டார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பின்னால் எங்களைப் பயமுறுத்தியதும் அதுதான்.

இனி அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கடைசித் தங்கை. அதே வானொலி நிலையத்தில் 'காஷுவல்' அறிவிப்பாளர், அதாவது ஆள் குறைந்தால் கூப்பிட்டனுப்புவார்கள், போய் வரவேண்டும். அறிவிப்புகளை மலையாளத்தில் படிப்பாள். ஒலிவாங்கி முன்னால் அவள் பேசும் மலையாளத்தைக் கேட்டால் வீட்டில் "சாதம் ஆறிப்போறதுடீ" என்று கத்துகிறவள் இவள்தானா என்று சந்தேகம் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் ஆங்கிலப் பாட்டு நிகழ்ச்சி. வேறு யாரும் விரும்பாததால் அது அத்தையிடம் வந்தது. அவளோ அந்த அரை மணிக்காகத்தான் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் தப்பில்லை.

ராக் சங்கீதம் என்றால் அத்தைக்குப் பைத்தியம். நல்ல வார்த்தையாகவே சொல்கிறேன். நிலையத்தில் இருந்ததெல்லாம் நடனக் கூடங்களுக்கான பழைய தட்டுகள். தனக்கு வேண்டியதை அத்தையே கோவளத்தில் சம்பாதித்தாள். அந்தக் காலத்தில் அங்கே சடைமுடியும் மணிமாலையுமாக வெள்ளைக்காரர்கள் குடிசை போட்டுக் கிடப்பார்கள், ஊருக்குத் திரும்பும்போது கையில் உள்ளதை விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி ஒருத்தி, அத்தையின் பழைய சுங்குடிப் புடவை ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு சின்னத் தட்டைக் கொடுத்தாள். லேபிள் கிழிந்த தட்டு. வாசித்தது யார் என்று அத்தைக்கே கடைசிவரை தெரியாது. நடுவில் ஓட்டை வேறு பெரியது, நம் ஊர்ப் பிளேயரின் கம்பியில் நிற்காது. அத்தை ஒரு ஹவாய்ச் செருப்பின் அடிப்பாகத்தை வட்டமாக வெட்டி ஓட்டையில் பொருத்தினாள். வெட்டு கொஞ்சம் கோணல். அதனால் தட்டு சுற்றும்போது லேசாக ஆடும்.

பாட்டு என்றேன், அதில் பாட்டே கிடையாது. கிட்டார் மட்டும், அடியில் சன்னமாக ஆர்கன். கிட்டார் தனியாக மேலே ஏறும், இறங்கும். மறுபடி ஏறும். மூன்றாவது தடவை ஏறி உச்சியில் நிற்கும்போது டிரம்ஸ் வந்து விழும் பாருங்கள், ஓட்டுக்கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி! அதற்குப் பிறகு எனக்குக் கால் தரையில் நிற்காது.

பெரியப்பா சபாவுக்குப் போகும் சாயங்காலங்களில்தான் எங்கள் கச்சேரி. அவருடைய பிளேயரில், ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, ஒலிபெருக்கி வாயில் ஒரு துண்டைத் திணித்து. பிளேயரில் வேகத்துக்கு ஒரு நெம்புகோல் உண்டு. இந்தத் தட்டு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓடவேண்டியது. அத்தை சில சமயம் குறும்புக்கு முப்பத்துமூன்றில் தள்ளிவிடுவாள். கிட்டார் கனத்துப்போய், இழுத்து இழுத்து அழும். செருப்புத் துண்டு ஆடுகிற ஆட்டத்தில் ஸ்வரங்கள் நடுங்கும். "கேட்டியோடீ? யாரோ செத்துப்போயிட்டா மாதிரி இல்லே?" என்று அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு நாள் அப்படிக் கேட்டு முடித்து ஜன்னலைத் திறந்தால், வாசல்படியில் பெரியப்பா நிற்கிறார். கையில் குடை.

"எப்ப வந்தேள் அண்ணா?" என்றாள் அத்தை.

"இப்பத்தான். சபால இன்னிக்குக் கச்சேரி இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் குடையிலிருந்து வடிந்த தண்ணீர் ஒரு குட்டையாகத் தேங்கியிருந்தது. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் திரும்பி வந்தாரோ, நல்லவேளை தட்டு முடிந்திருந்தது என்று அத்தை அன்று ராத்திரி முழுக்கப் புலம்பினாள்.

பயப்படக் காரணம் இருந்தது. நிலையத்தில் ஒரே ஒரு நிரந்தர அறிவிப்பாளர் வேலை காலியாகியிருந்தது. அதற்கு இரண்டு பேர் போட்டி. ஒருத்தி அத்தை. இன்னொருவர், எதிராத்து மாமாவின் மருமான். எதிராத்து மாமா என்றால் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டுக்காரர். பெரியப்பாவோடு தினம் குளத்துக்கு நடந்து போகும் சிநேகிதர், ஆனால் மருமான் விஷயத்தில் மனுஷர் வேறே. இதற்கு நடுவில், வடக்கே ஏதோ உருக்காலை ஊரிலிருந்து அத்தைக்கு ஒரு வரன். கொண்டுவந்ததே பெரியப்பாதான். வேலை நிரந்தரமானால் அவள் இஷ்டம், ஆகாவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் முதலிலேயே கேட்டது, "பொண்ணு ரேடியோவை விட்டுடுவாளோல்லியோ?" என்பதுதான். அத்தை அதைக் கேட்டுவிட்டு அடுக்களையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். நானும் கூடப் போய் நின்றேன். அவள் போய்விட்டால் எனக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கே அழுகை வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நல்ல மழை. அத்தை தன் தட்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, விடியற்காலை வண்டியிலேயே நிலையத்துக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் செய்தி வந்தது. தேசத்தின் பெரிய தலைவர் ஒருவர் காலமாகிவிட்டார். யாரென்று சொல்ல வேண்டாம், நம் வயதில் எல்லோரும் இப்படி ஒன்றிரண்டு நாட்களைப் பார்த்தவர்கள்தானே. அன்றைக்கு வானொலியில் என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். சினிமாப் பாட்டு இல்லை, விளம்பரம் இல்லை. தில்லியிலிருந்து லைனில் வரும் சோக வாத்தியம், நடுநடுவே செய்தி, மறுபடி சோக வாத்தியம்.

எங்கள் வீட்டு வானொலிதான் தெருவிலேயே பெரியது. மத்தியானத்துக்குள் முன்னறை நிறைந்துவிட்டது. பெரியப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். எதிராத்து மாமா பெஞ்சியில். பெண்கள் ரேழியில். அழுகிற குழந்தையைக்கூட வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது. நான் வானொலிக்குக் கீழே, அதன் சூடு முதுகில் படும்படி உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று, தில்லியிலிருந்து வந்துகொண்டிருந்த சாரங்கி நின்றுபோனது. கொரகொரவென்று ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன ஆச்சு? கலகம் கிலகம் ஏதாவதா?" என்றார் எதிராத்து மாமா. யாரோ ஒரு மாமி சத்தமாகவே சாமி பெயரைச் சொன்னாள்.

நிலையத்தில் என்ன நடந்தது என்பதை அத்தை பிறகு சொன்னாள். மழையில் தில்லி லைன் அறுந்துவிட்டது. அப்படி ஆனால் இங்கேயே சோக வாத்தியம் எடுத்துப் போடவேண்டும். அந்தத் தட்டுகள் நூலக அலமாரியில், அலமாரிச் சாவியோ நூலகர் இடுப்பில், நூலகர் ஞாயிறு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கிறார். இயக்குநர் இரங்கல் கூட்டத்துக்குப் போய்விட்டார். ஒலிபரப்பு அறையில் அத்தை ஒருத்திதான். எதிரே ஓடும் கடிகாரம், காலியான காற்று, காலடியில் தன் துணிப்பை. அதிலிருந்த தட்டுகளில் குரல் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்.

எங்கள் முன்னறையில் வானொலி மறுபடி பேசவில்லை, வாசித்தது. 'ணீங்' என்று கிட்டார், அதன் சொந்த வேகத்தில். பழக்க தோஷத்தில் அத்தை நாற்பத்தைந்திலேயே ஊசியை வைத்துவிட்டாள். உடனே நெம்புகோலைத் தள்ளியிருக்கிறாள். அந்த முதல் ஸ்வரம் வழுக்கிக்கொண்டே கீழே, கீழே போய், அடியில் போய் நின்று அழ ஆரம்பித்தது.

அது எங்கள் தட்டு.

"இது என்ன ஓய்?" எதிராத்து மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எடுத்த எடுப்பில இங்கிலீஷ் பாட்டு மாதிரி..."

"உஸ்!" என்று ஒரு அதட்டல். பெரியப்பா கண்ணைத் திறக்கவில்லை. வலது கையை மட்டும் உயர்த்தினார். "பேசாதேயும். அந்த ஜாருவைக் கேட்டீரா? மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்பு. வாயை மூடிண்டு கேளும்."

அவ்வளவுதான், அறை அடங்கிவிட்டது. பெரியப்பாவே சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? கிட்டார் நடுங்கி நடுங்கி முதல் ஏற்றத்தில் ஏறியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இத்தனை பெரிய காது, செருப்புத் துண்டின் ஆட்டத்துக்குத் தலையாட்டுகிறதே என்று நினைத்தேன். பெரியப்பா ஒரு ஏமாளி என்று அந்தப் பத்து வயதில் நான் தீர்மானித்தது அப்போதுதான்.

இரண்டாவது ஏற்றம் வந்தபோது சிரிப்பெல்லாம் போய்விட்டது. மூன்றாவதில் டிரம்ஸ் வரும். அது வந்துவிட்டால் முப்பத்துமூன்றாவது மண்ணாவது, இது ராக் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குள் அத்தை ஊசியைத் தூக்கவேண்டும். தூக்கினால் மறுபடி மௌனம். எதிராத்து மாமாவோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரேழியில் மூக்கு உறிஞ்சும் சத்தம். கிட்டார் இறங்கியது. கொஞ்சம் நின்றது. மூன்றாவது தடவையாக ஏறத் தொடங்கியது. வேகம் குறைந்த பாட்டில் அந்த ஏற்றம் முடிவேனா என்கிறது. அத்தை, தூக்கிடு, தூக்கிடு என்று பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

உச்சிக்குப் போயிற்று. 'தொம்!'

ஒரே ஒரு அடி. அதோடு சத்தம் தேய்ந்து, அடியிலிருந்து தில்லியின் சாரங்கி எழும்பி வந்தது. லைன் திரும்பிவிட்டது.

எதிராத்து மாமா துடைத்த கண்ணோடு திரும்பினார். "மத்தளம் இல்லே ஓய் அது. டிரம்மாக்கும். இங்கிலீஷ் டிரம்மு."

"சாவுக்கு முரசு அடிக்கறது எங்கேயும் உள்ளதுதான்" என்றார் பெரியப்பா. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அத்தை சாயங்காலம் நனைந்துபோய் வந்தாள். என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், "கேட்டாளா? கண்டுபிடிச்சுட்டாளா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். ஜாரு என்று பெரியப்பா சொன்னதைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தவள், சிரித்துக்கொண்டே அழுதாள். டிரம் என்று எதிராத்து மாமா சொன்னதைச் சொன்னதும் இரண்டும் நின்றுவிட்டன. தட்டு கையில் இருக்கக்கூடாது. உடைக்க மனசு வரவில்லை. யாரும் தொடாத இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். பெரியப்பா சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்த நேரத்தில் கண்ணாடி அலமாரியைத் திறந்து, கடைக்கோடியில் அவர் அதிகம் எடுக்காத ஒரு பக்திப் பாட்டுத் தட்டின் உறைக்குள் இதையும் சொருகினாள், செருப்புத் துண்டோடு. துக்க நாட்கள் முடிகிறவரை அவர் தட்டு எதுவும் போடமாட்டார் என்பது அவள் கணக்கு. அதற்குள் எடுத்துவிடலாம்.

எடுக்க முடியவில்லை. துக்கத்துக்காக சபாவை மூடிவிட்டார்கள். பெரியப்பா பொழுதுக்கும் முன்னறையிலேயே, அலமாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அத்தை சாப்பிடவே இல்லை. பெரியப்பா கண்ணாடிக் கதவில் கை வைத்தாலே நான் ரேழிக்கு ஓடிவிடுவேன். துணியால் துடைப்பார், மூடுவார். அவ்வளவுதான்.

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம், நிலையத்து ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. இயக்குநர் இறங்கினார். வெள்ளைச் சட்டை போட்ட, மெதுவாகப் பேசுகிற மலையாளி. கூடவே, கூப்பிடாமலே, எதிராத்து மாமாவும் உள்ளே வந்தார். அத்தை ரேழிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"சாருக்கு விரோதம் தோணக்கூடாது" என்று இயக்குநர் தமிழும் மலையாளமுமாக ஆரம்பித்தார். "ஒரு பராதி வந்திருக்கு. அன்னைக்கு லைன் போனப்போ நம்ம நிலையத்திலேர்ந்து இங்கிலீஷ் ராக் போட்டாங்கன்னு பராதி. ஞான் கேட்டில்லா. சார் கேட்டுட்டுண்டு, சார் சொன்னா மதி."

பராதி என்றால் புகார், மதி என்றால் போதும். யார் கொடுத்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அவர் பெஞ்சியில் உட்கார்ந்து மேல்துண்டை மடித்துக்கொண்டிருந்தார். இப்போது நினைத்துப் பாருங்கள். பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னால் அத்தையின் வேலை போச்சு, அவர் பார்த்த வரன் ஜெயித்தது. மார்க் விஷயத்தில் பொய் சொல்லாத மனுஷர் வேறு. நான் அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியப்பா விசிறியைக் கீழே வைத்தார். "உங்க ஆடிஷன்ல எனக்கும் பாடறவனுக்கும் நடுவுல சுவர் வச்சிருக்கேளே, எதுக்காக?"

"பக்ஷபாதம் வரக்கூடாதுன்னு" என்றார் இயக்குநர்.

"அன்னிக்கும் அப்படித்தான் கேட்டேன். வாசிச்சவன் பேர் எனக்குத் தெரியாது, ஊர் தெரியாது. தந்தி வாத்தியம். சுருதி சுத்தம். மனசுல பாரம் இருக்கறவன் வாசிச்சது. துக்க நாளைக்கு இதுக்கு மேல என்ன வேணும்? என் கையில மார்க் இருந்தா, பாஸ்."

"அப்படீன்னா அது என்ன ராகம்னு சொல்லுமே பார்க்கலாம்" என்றார் எதிராத்து மாமா.

"நீர் மேல்துண்டால கண்ணைத் தொடச்சுண்டேரே ஓய், என்ன ராகம்னு தெரிஞ்சுண்டா தொடச்சுண்டேர்?"

இயக்குநர் சிரிப்பை அடக்க வேறு பக்கம் பார்த்தார். எதிராத்து மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாய்ச் சாமர்த்தியம் எதுக்கு? அந்தப் பிளேட்டு நிலையத்துல இல்லியாம், நான் விசாரிச்சுட்டேன். அப்போ அது இந்த ஆத்துலதான் இருக்கணும். தேடினா தெரிஞ்சுடும்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் ஆத்துல பிளேட்டு இருக்கற இடம் ஒண்ணுதான்" என்றார் பெரியப்பா. எழுந்துபோய்க் கண்ணாடி அலமாரியின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார். "பாருங்கோ. ஒவ்வொரு உறையா எடுத்துப் பாருங்கோ."

எதிராத்து மாமா எழுந்தேவிட்டார். ஒரு அடி முன்னால் வைத்தார். இயக்குநர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "ஐயோ, வேண்டா, வேண்டா! சாரின்டே அலமாரியைத் தொடறதா? எனக்கு மனசிலாயி. இது இதோட தீர்ந்து" என்று பெரியப்பாவைக் கும்பிட்டுவிட்டு, எதிராத்து மாமாவையும் இழுத்துக்கொண்டு வெளியேறினார். ஜீப் போன பிறகு பெரியப்பா கதவுகளைச் சாத்தினார். ரேழிப்பக்கம் திரும்பாமலே, "காப்பி இருக்கா?" என்றார்.

அன்று அத்தை என்னிடம் சொன்னாள்: "ஈசுவரா, அண்ணா ஒண்ணும் தெரியாத பச்சைக் குழந்தைடீ. அதுதான் நம்மளைக் காப்பாத்தித்து." நானும் அப்படித்தான் நம்பினேன்.

நேர்முகம் நடந்தது. ஆடி முடிவதற்குள் உத்தரவு வந்தது, அத்தையின் பெயருக்கு. அம்மா பாயசம் வைத்தாள். அத்தை பெரியப்பாவை நமஸ்காரம் பண்ணி எழுந்தாள். அவர் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, நேரே அலமாரிக்குப் போய், கடைக்கோடி உறையை உருவி, அந்தத் தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அத்தை தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணா... இதை எப்ப...?"

"மறுநாளே பார்த்துட்டேன். சாமி பாட்டு உறைக்குள்ள செருப்பைக் கொண்டுபோய் வைக்கற புத்தி உன்னைத் தவிர யாருக்கு வரும்?"

"அப்போ ரேடியோவுல வந்தப்பவே..."

"எனக்குக் காது இல்லையா, குட்டி?" பெரியப்பாவின் குரல் அப்படிக் குழைந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "நல்ல வாத்தியம். அதை இழுத்து இழுத்துக் கொன்னுட்டே. இனிமே போட்டா அதோட வேகத்துலயே போடு."

மறுநாளே பார்த்திருக்கிறார். தெரிந்தேதான் இரண்டு கதவையும் திறந்து வைத்திருக்கிறார். வானொலியில் முதல் ஸ்வரம் வழுக்கிய அந்தக் கணத்திலேயே, எதிராத்து மாமா பேசி முடிப்பதற்குள் கையை உயர்த்தியிருக்கிறார். எப்படித் தெரியும் என்று அத்தை அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வாசல்படியில் தேங்கிய குடைத் தண்ணீரை அவளும் மறந்துவிட்டாள், நானும் மறந்துவிட்டேன். இப்பத்தான் வந்தேன் என்றவரின் குடையிலிருந்து அத்தனை தண்ணீர் வடியுமா? அவர் அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை மழையில் நின்று கேட்டிருக்கிறார். எங்களை நிறுத்தக்கூடாது என்று நின்றிருக்கிறார். எனக்கு அது புரிவதற்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது. ஏமாளி என்று நினைத்தேனே அவரை.

அத்தை ஓய்வு பெறுகிறவரை அந்த நிலையத்திலேயே இருந்தாள். கல்யாணம் தானே பார்த்துப் பண்ணிக்கொண்டாள். கல்லூரிப் பையன்கள் அவள் குரலுக்காகவே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைத் தள்ளிப்போட்டார்களாம். தட்டு இப்போது இல்லை, ஏதோ ஒரு வீடு மாற்றத்தில் போய்விட்டது. என் மகனின் உருண்டையிடம் கேட்கலாம் என்றால் அதன் பெயர் யாருக்குத் தெரியும்?

கடைசியாக ஒன்று. உத்தரவு வந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. அத்தையின் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு, வழக்கம்போல, பெரியப்பா குடையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார். எப்போதுமே அப்படித்தான், அந்தக் கூச்சல் காதில் விழக்கூடாது என்று போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நான் வானொலியைத் திருப்பினேன். கிட்டார் வந்தது, இந்தத் தடவை நாற்பத்தைந்தில், லேசாக, துள்ளலாக. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பெரியப்பா வாசல்படியைத் தாண்டவில்லை. நல்ல வெயில். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு படியில் நின்றிருந்தார். மூன்றாவது ஏற்றத்தில் டிரம்ஸ் வந்து விழுந்தபோது, குடைக்காம்பைப் பிடித்திருந்த விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன.

எதிர் வாசலிலிருந்து எதிராத்து மாமா கேட்டார். "எங்கே ஓய், கிளம்பியாச்சா?"

"ஆமாம், இதோ கிளம்பிண்டே இருக்கேன்" என்றார் பெரியப்பா. பாட்டு முடிகிறவரை அவர் நகரவில்லை.